வாளி எண் நான்கு

இரவு இரண்டு மணி. மீட்டரைப் படிக்கிறேன்.
நாற்பது வோல்ட். ஒன்பது ஆம்பியர்.
நேற்று பதினொன்று, முந்தாநாள் பதினான்கு.
எழுதிவிட்டு
நான்காம் வாளியை எட்டிப் பார்க்கிறேன்:
கால் வாளிகூட இல்லை.

ட்ரொண்டெலாக்கில், ஆறு முழங்கை மடக்குகிற இடத்தில்,
ஓட்வார் வீட்டுக்குக் கீழே இந்தச் சரிவு.
பனிப்பாறைகள் உருகிய காலத்தில் இங்கே கடல்.
நிலம் எழும்பியது, கடல் இறங்கிப் போனது.
உப்பிட்ட கடலை
உள்ளளவும் நினைத்துக்கொண்டிருந்தது மண்.
உள்ளது குறைந்துகொண்டே வந்தது.
ஆயிரமாயிரம் ஆண்டு மழை,
ஒவ்வொரு துகளிடையும் புகுந்து அலசிய மழை.
சீட்டுக்கட்டு வீட்டைத் தாங்கிய விரல்
எப்போதோ விலகிவிட்டது.
வீடு இன்னும் நிற்கிறது.
அதுதான் பயம்.

முதல் நாள் இங்வில் ஒரு கட்டி வெட்டி எடுத்தாள்.
உள்ளங்கையில் வெண்ணெய் போல் நின்றது.
கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் கிளறினாள்,
ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல்.
மோராய் ஊற்றினாள்.
ஓட்வார் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.
ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டு
மறுபடி கிளறினாள். இறுகியது.
"மலைக்கு எத்தனை மூட்டை வேண்டும்?" என்றார்.
மூட்டை இருக்கிறது, ஓட்வார்.
உள்ளே போக வழிதான் இல்லை.

துளை சிறுக்கச் சிறுக்க அழுத்தம் தோற்கும்.
மேலே குளமே வெட்டி நிறுத்தினாலும்
இந்த மண்ணுக்குள் தண்ணீர் ஆண்டுக்கு ஒரு விரற்கடை நகரும்.
மின்புலத்துக்கு அந்தக் கவலை இல்லை.
களிமண் துகளின் முகம் எதிர்மின்;
அதை மொய்த்துக் கிடப்பது சோடியம்.
கம்பியில் மின்சாரம் விழுந்ததும்
சோடியம் எதிர்மின்வாய்ப் பக்கம் கிளம்புகிறது.
தண்ணீருக்கு இதில் வேலையே இல்லை,
அதற்கு மின்சுமை கிடையாது.
ஆனாலும் வருகிறது,
நெரிசலில் மாட்டிக்கொண்டவன்
கால் எடுத்து வைக்காமலே
வாசலுக்கு வந்து சேர்வதுபோல.
குளோரைடு மட்டும் எதிரே,
எல்லோர் தோளிலும் இடித்துக்கொண்டு,
நேர்மின்வாய்க்கு.

பதினொரு ஆடுகள் மேய்கின்றன.
கம்பி வரிசைக்கு இங்கே ஆறடி, அங்கே ஆறடி
புல் அப்படியே வளர்ந்து நிற்கிறது.
வேலி போடவில்லை. யாரும் விரட்டவில்லை.
மஞ்சள் தோடு போட்ட கிடாய் ஒன்று
மழை விட்ட காலையில் அந்தப் புல்லுக்குப் போனது.
நான்கு காலும் ஒன்றாய்த் தூக்கியதை நான் பார்த்தேன்.

ஒன்பது ஆம்பியர் ஏன் என்று எனக்குத் தெரியும்.
நேர்மின்வாய் ஓரம் மண் காய்ந்து வெடித்திருக்கிறது.
இரும்புக் கம்பி துருவாய்க் கரைந்து
வெடிப்புக்குள் ஆடிக்கொண்டிருக்கிறது.
காயத்தான் சொன்னோம்.
காய்ந்த மண் நாம் சொல்வதைக் கடத்துவதில்லை.
காலையில் இங்வில் வருவாள்,
பொட்டாசியம் உப்புக் கரைசல் ஊற்றுவாள்,
இறங்குகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்ப்பாள்.

இரண்டரைக்குக் கதவு தட்டப்பட்டது.
பைஜாமாவுக்கு மேல் மழைக்கோட்டு.
ஓட்வார் ஒன்றும் கேட்காமல்
நான்காம் வாளியில் விரல் விட்டார்.
தேய்த்துப் பார்த்தார். சோப்பு போல வழுக்கியது.
காரம் என்றேன், எதிர்மின்வாயில் அப்படித்தான்.
"என் படுக்கைக்கு அடியில் இருந்ததா இது?"
உங்கள் படுக்கைக்கு அடியில் இல்லை, ஆட்டுக்கொட்டிலுக்கு.
"இன்னும் எவ்வளவு இருக்கிறது?"
குறிப்பேட்டைப் புரட்டினேன்.
அதில் வந்தது மட்டும்தான் இருக்கிறது.

விரலைக் கோட்டில் துடைத்துவிட்டு
டார்ச் அடிக்காமல் மேலே ஏறினார்,
நேர் வழியை விட்டு,
ஆடுகள் விலகுகிற அதே ஆறடி விலகி.

மூன்று மணி.
எட்டு புள்ளி ஏழு.
வாளியில் ஒரு சொட்டு.
அடுத்ததற்குக் காத்திருந்தேன்,
பேனா மூடியைக் கழற்றாமல்.